ரிப்பீட் எடுத்த பாடத்தின் பழைய கிரேடு மருத்துவப் படிப்பு விண்ணப்பத்தில் கணக்கில் வருமா?

சுங்கை சிப்புட் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்காக எழுதுகிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து கோலாலம்பூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்பு மாற்றுத் திட்டத்தில் இரண்டு ஆண்டு படித்தான், பிறகு கிரெடிட்டை மாற்றிக்கொண்டு அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். உயிரியல் எடுத்திருக்கிறான், இன்னும் இரண்டு பருவம் பாக்கி. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து அவனுக்கு உள்ள ஆசை. அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர், அவருடைய இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி இவன் படிப்புக்குப் போயிருக்கிறது, மீதியை நானும் அண்ணனும் மாதாமாதம் அனுப்புகிறோம். அதனால் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட மனம் வரவில்லை.

அங்கே போன புதிதில் கரிம வேதியியல் முதல் பகுதியில், ஆய்வுக்கூடத்தோடு சேர்த்து 4 கிரெடிட், டி கிரேடு வாங்கினான். அடுத்த முறை அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ மைனஸ் வாங்கிவிட்டான். அவன் பல்கலைக்கழகம் ரிப்பீட் எடுத்தால் பழைய கிரேடை ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி, உச்சம் 4.00) கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. இப்போது டிரான்ஸ்கிரிப்டில் 60 கிரெடிட்டுக்கு 3.60 என்று இருக்கிறது, அறிவியல் பாடங்கள் மட்டும் பார்த்தால் 30 கிரெடிட்டுக்கு 3.50. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவக் கல்லூரிகள் இந்த எண்ணை எடுத்துக்கொள்வதில்லை, பழைய டி-யையும் சேர்த்துத்தான் பார்க்கும் என்று அவனுடைய நண்பன் ஒருவன் சொல்லியிருக்கிறான், அதிலிருந்து தம்பிக்குத் தூக்கமில்லை, போனில் குரலே மாறிவிட்டது. இங்கே கல்லூரி சேர்க்கையைப் பார்த்துக்கொடுத்த ஏஜெண்டைக் கேட்டால், ‘ரிப்பீட் எடுத்தால் பழையது அழிந்துவிடும், கவலைப்படாதீர்கள்’ என்கிறார்.

இன்னொன்று. இங்கே படித்தபோது பொது வேதியியலில் சி வாங்கினான். அந்தக் கிரெடிட் அமெரிக்காவுக்கு மாறிப் போயிருக்கிறது. அதையும் அங்கே ஒரு தடவை ரிப்பீட் எடுக்கலாமா என்று கேட்கிறான். ஒரு பாடத்துக்கு அவர்கள் வாங்கும் கட்டணம் எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை. உறவில் ஒருவர், டி வாங்கிய விஷயத்தை விண்ணப்பத்தில் எழுதவே வேண்டாம் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

ஒஹாயோவிலிருந்து எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் பிறந்தது தெலுக் இந்தான் பக்கம், இங்கே வந்து பல வருடமாகிறது, என் மகள் இந்த விண்ணப்பத்தை முழுக்கச் செய்து முடித்தவள், அதனால் விதிமுறையை வரிவரியாகப் படித்திருக்கிறேன்.

தம்பியின் நண்பன் சொன்னதுதான் சரி. அமெரிக்காவில் டாக்டர் ஆவதற்கான எம்டி படிப்புக்குப் பெரும்பாலான பள்ளிகள் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் எடுக்கின்றன. தம்பி எடுத்த ஒவ்வொரு பாடத்தையும், ஒவ்வொரு கிரேடையும் அதில் வரிசையாக எழுத வேண்டும், டிரான்ஸ்கிரிப்டை வைத்து அவர்கள் சரிபார்த்து, அவர்களே புதிதாக ஒரு ஜிபிஏ போடுவார்கள். அந்தக் கணக்கில் ரிப்பீட் எடுத்த பாடத்தின் எல்லா முயற்சியும் வரும். பல்கலைக்கழகம் பழையதை மன்னித்துவிட்டதா, மாற்றிவிட்டதா என்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை. பாடத்துக்குப் பக்கத்தில் ரிப்பீட் என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான், இரண்டு கிரேடும் கணக்கில் நிற்கும்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிரெடிட்டுக்கு ஏ என்றால் 4 புள்ளி, டி என்றால் 1 புள்ளி. 60 கிரெடிட்டுக்கு 3.60 என்றால் 216 புள்ளி. அதில் டி-யின் 4 கிரெடிட்டையும் 4 புள்ளியையும் சேர்த்தால் 64 கிரெடிட்டுக்கு 220, அதாவது 3.44. அறிவியல் கணக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ போட்டுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். 30 கிரெடிட்டுக்கு 3.50 என்றால் 105 புள்ளி, டி சேர்ந்தால் 34 கிரெடிட்டுக்கு 109, 3.21 வரும். இதுதான் தம்பிக்கு உண்மையில் வலிக்கும் எண். 0.29 குறைவது சின்ன விஷயமில்லை, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இவ்வளவு பெரிதாக அடிப்பதற்குக் காரணம் அவன் பாதிவழியில் மாறிப் போனவன் என்பதுதான். நான்கு ஆண்டும் அங்கேயே படித்து 120 கிரெடிட் வைத்திருந்தால் அதே 3.60, அதே டி, 3.52-க்குத்தான் இறங்கியிருக்கும். மலேசியாவில் படித்த கிரெடிட்டை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டாலும், பெரும்பாலும் கிரெடிட்டை மட்டும்தான் எழுதுவார்கள், கிரேடை எழுத மாட்டார்கள். கிரேடு இல்லாதது ஆம்காஸ் ஜிபிஏ-வில் சேராது. அதனால் தம்பியின் கணக்கு முழுக்க அங்கே படித்த கிரெடிட்டின் தலையில்தான் நிற்கிறது, ஒவ்வொரு கிரேடுக்கும் எடை கூடுதல். நல்ல கிரேடுக்கும் அதே எடைதான் என்பதை மறக்க வேண்டாம். இனி அறிவியலில் 20 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 34 என்பது 54 ஆகும், 109 என்பது 189 ஆகும், சரியாக 3.50. மொத்தக் கணக்கு 3.57. இரண்டு பருவத்தில் 20 கிரெடிட் அறிவியல் என்பது கடினமான சுமைதான், ஆனாலும் செய்ய முடிந்த காரியம்.

பொது வேதியியல் சி பற்றி. அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த சி அவன் அமெரிக்க டிரான்ஸ்கிரிப்டில் கிரேடாக இருக்கிறதா, வெறும் கிரெடிட்டாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் கிரெடிட் என்றால் அது ஜிபிஏ-வை இழுக்கவே இல்லை. கிரேடாகவே இருந்தாலும் யோசித்துப் பாருங்கள், எல்லா முயற்சியும் கணக்கில் வரும் இடத்தில், பழைய பாடத்தைத் திரும்ப எடுத்து வாங்கும் ஏ-வும், உயிர்வேதியியல் மாதிரி மேல்நிலைப் பாடம் ஒன்றில் வாங்கும் ஏ-வும் எண்ணில் ஒன்றுதான். ஆனால் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. அடிப்படை வேதியியல் பலவீனமாக இருந்த பையன் உயிர்வேதியியலில் ஏ வாங்கினான் என்றால் அந்தப் பலவீனம் தீர்ந்துவிட்டது என்று அவருக்குப் புரியும். டி வந்த பாடத்தைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும், கட்டாயப் பாடங்களில் சி-க்குக் கீழே இருந்தால் பல பள்ளிகள் ஏற்பதில்லை, அதைத் தம்பி ஏற்கெனவே செய்துவிட்டான். சி வந்ததை வெறும் எண்ணுக்காக ரிப்பீட் எடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

டி-யை எழுதாமல் விடுவது பற்றி: கூடவே கூடாது. டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அவர்களுக்குப் போகிறது, அதில் பழைய டி அப்படியே அச்சாகியிருக்கும், ஜிபிஏ-வில்தான் சேர்ந்திருக்காது. சரிபார்ப்பவர் பார்த்தவுடன் கண்டுபிடிப்பார். மறைத்தது தெரிந்தால் விசாரணை வைத்து, அதன் முடிவை விண்ணப்பித்த பள்ளிகளுக்கெல்லாம் தெரிவிப்பார்கள். டி-யை வைத்துக்கொண்டு டாக்டர் ஆனவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பொய்யை வைத்துக்கொண்டு அந்த வாசலுக்குள்ளேயே போக முடியாது. உங்களுக்கு அது சரியாகப் படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த எண்ணத்திலேயே நில்லுங்கள்.

கடாரத்துப் பையன் எழுதியது:

அக்கா, எம்டி-க்குத்தான் அப்படி. டிஓ என்று டாக்டராக இன்னொரு வழி இருக்கிறது, ஆஸ்டியோபதி மருத்துவப் பள்ளிகள், அங்கே ரிப்பீட் எடுத்தால் கடைசி கிரேடை மட்டும்தான் பார்ப்பார்கள், பழையதை எடுத்துவிடுவார்கள். என் சீனியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். தம்பியை அங்கே போடச் சொல்லுங்கள்.

ஒஹாயோவிலிருந்து எழுதியது:

தம்பி, உங்கள் சீனியர் சொன்னது ஒரு காலத்தில் உண்மைதான். டிஓ பள்ளிகளின் விண்ணப்பச் சேவை ஆக்கோமாஸ். அவர்கள் முன்பு கடைசி கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதை நம்பி வருடக்கணக்கில் பழைய பாடங்களைத் திரும்ப எடுத்தவர்கள் உண்டு. 2017 மே முதல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கேயும் எல்லா முயற்சியும் கணக்கில் வரும். இணையத்தில் பழைய பதிவுகள் இன்னும் கிடக்கின்றன, தேதி பார்க்காமல் படித்துவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம், அதனால்தான் உடனே எழுதுகிறேன். டெக்சாஸ் மாநிலத்துக்குத் தனி விண்ணப்பச் சேவை இருக்கிறது, ரிப்பீட் விஷயத்தில் அவர்களும் இரண்டு கிரேடையும் எண்ணுகிறார்கள். அங்கே அரசு உதவி பெறும் பள்ளிகளில் பத்தில் ஒன்பது இடம் அந்த மாநிலத்தவருக்கே என்று சட்டமே இருக்கிறது.

டிஓ பள்ளிகளைத் தம்பி பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பார்க்கட்டும். பழைய டி மறைந்துவிடும் என்ற கணக்கில் மட்டும் போக வேண்டாம்.

கோலகங்சார் டீச்சர் எழுதியது:

ஆறாம் படிவத்தில் பாடம் எடுக்கிறவள் நான், ஏன் நம் வீடுகளில் இந்தக் குழப்பம் வருகிறது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எஸ்டிபிஎம் என்ற ஆறாம் படிவத் தேர்வு 2012-லிருந்து மூன்று தவணையாக நடக்கிறது. முதல் தவணையில், இரண்டாம் தவணையில் சரியாகச் செய்யாத பிள்ளை அந்தத் தாளைத் திரும்ப எழுதலாம், எது நல்ல புள்ளியோ அது நிற்கும். பழையது போய்விடும். நானே எத்தனையோ பிள்ளைகளிடம், ‘பயப்படாதே, ரிப்பீட் எழுது, நல்லதைத்தான் எடுப்பார்கள்’ என்று சொல்லியிருக்கிறேன், இங்கே அது சரியான அறிவுரைதான், பி மைனஸில் கிடந்த பிள்ளை ஏ-க்கு வந்ததையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே நம்பிக்கையோடு பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள், பெற்றோரும் அதே நம்பிக்கையில் பணம் கட்டுகிறார்கள். ஏஜெண்ட் சொன்னதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் உள்விதியைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும். ஆனால் பல்கலைக்கழகம் போடும் கணக்கு வேறு, மருத்துவக் கல்லூரி போடும் கணக்கு வேறு. இதைப் பிள்ளை முதல் பருவத்திலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும் அம்மா. பட்டம் மட்டும் வாங்கி வேலைக்குப் போகிற பிள்ளைக்கு உள்விதி போதும். மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைக்குப் போதாது.

ஒரு கேள்வி ஒஹாயோ அண்ணனிடம். பரீட்சைக்கு முன்பே பாடத்தை விட்டுவிட்டால் டபிள்யூ என்று விழும் என்கிறார்களே, டி வாங்குவதைவிட அது நல்லதா? என் பழைய மாணவர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லலாம் என்று கேட்கிறேன்.

ஒஹாயோவிலிருந்து எழுதியது:

நல்ல கேள்வி டீச்சர். டபிள்யூ ஜிபிஏ-வில் சேராது. விண்ணப்பத்தில் அந்தப் பாடம் இருக்கும், கிரேடு கணக்கில் இருக்காது. ஒன்றோ இரண்டோ இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பருவத்துக்குப் பருவம் இருந்தால் கேள்வி வரும். அதனால் டி-தான் வரப்போகிறது என்று தெளிவாகத் தெரிந்தால், கடைசித் தேதிக்குள் விலகுவது நல்லது.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு கட்டு இருக்கிறது. அவர்கள் இருப்பது எஃப்-1 மாணவர் விசாவில். இளங்கலையில் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் முழுநேரமாகப் படிக்க வேண்டும். 13 கிரெடிட் எடுத்திருக்கும் பையன் 4 கிரெடிட் பாடத்தை விட்டால் 9-க்கு இறங்கிவிடுவான், விசா நிலையே கெட்டுப்போகும். விலகும் முன்னால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், அவர்கள் எல்லாக் காரணத்துக்கும் அனுமதி கொடுப்பதில்லை. அமெரிக்கப் பிள்ளைகள் சாதாரணமாக விட்டுவிடும் பாடத்தை நம் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்து டி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தம்பிக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, இதுவாகவும் இருக்கலாம். உங்கள் மாணவர்களிடம் பருவத் தொடக்கத்திலேயே 16 கிரெடிட் பதிவு செய்யச் சொல்லுங்கள், 4 கிரெடிட் பாடம் ஒன்றை விட வேண்டி வந்தாலும் 12-ல் நிற்பார்கள்.

சுங்கை சிப்புட் அக்கா எழுதியது:

அண்ணா, நீங்கள் போட்ட கணக்கைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். 3.21 என்று பார்த்ததும் நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்று காலை அவனே கூப்பிட்டு 3.50 வரை ஏற முடியும் என்ற வரியைப் பற்றித்தான் பேசினான். டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தோம், பொது வேதியியல் வெறும் கிரெடிட்டாகத்தான் இருக்கிறது, கிரேடு இல்லை. அதை விட்டுவிடுகிறோம். நீங்கள் சொன்னது சரியாக இருக்கிறது, போன வருடம் விலக நினைத்திருக்கிறான், விசாவுக்குப் பயந்துதான் விலகவில்லையாம், எங்களிடம் இதை அவன் சொன்னதே இல்லை.

இன்னொரு கவலை. இவ்வளவும் செய்து அங்கே இடம் கிடைக்கவில்லை என்றால்? இங்கே திரும்பி வந்து படிக்க முடியுமா? இங்கேயும் பழைய டி தொடருமா?

பத்து வருட டாக்டர் எழுதியது:

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன், படித்தது இங்கே தனியார் பல்கலைக்கழகத்தில். நான் பிறந்ததும் தோட்டத்து லயத்தில்தான், அதனால் உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அமெரிக்கப் பக்கத்தில் ஒஹாயோ அண்ணன் இன்னும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், அவர் தயங்கியிருக்கலாம். தம்பிக்கு ஜிபிஏ-வைவிடப் பெரிய தடை பாஸ்போர்ட். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களை எடுக்கும் பள்ளிகள் அங்கே குறைவு, மாநில அரசுப் பள்ளிகள் பலவும் தங்கள் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. எடுக்கும் பள்ளிகளிலும் சில, ஒரு வருடத்துக்கோ நான்கு வருடத்துக்கோ உண்டான கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் வைத்துக் காட்டச் சொல்லும். பல தனியார் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும், அந்த நாட்டு அரசாங்கக் கல்விக் கடன் வெளிநாட்டவருக்குக் கிடையாது. ஆகவே 3.50-க்கு ஏற்றிவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். ஏஏஎம்சி என்ற அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் எந்தப் பள்ளி வெளிநாட்டவரை எடுக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கிறது, விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அதைப் பார்த்து, எடுக்கும் பள்ளிகளுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் கட்டணம் என்பதால் வீணாகப் போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது இங்கே. நம் நாட்டில் தம்பியின் டி-யைவிட அவனுடைய எஸ்பிஎம்-தான் முதலில் கேட்கப்படும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னொரு பாடம், இந்த ஐந்திலும் குறைந்தது பி இருக்க வேண்டும் என்பது மருத்துவப் படிப்புக்கு மலேசிய மருத்துவ மன்றம் வைத்திருக்கும் அடிப்படை. அது இருந்தால் அதற்கு மேல் அவன் வாங்கிய பட்டத்தைப் பார்ப்பார்கள். பட்டதாரியாக விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்டை முழுதாகத்தான் கேட்பார்கள், டி அதில் இருக்கும், ஆனால் அமெரிக்காவில் போல எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டி மறு ஜிபிஏ போட இங்கே பொதுச் சேவை எதுவும் இல்லை. பட்டத்தின் மீது பல்கலைக்கழகம் எழுதியிருக்கும் சிஜிபிஏ-வை (மொத்த ஜிபிஏ) வைத்துக்கொண்டு அந்தந்தக் கல்லூரி முடிவு செய்யும். பெடோங்கில் உள்ள எய்ம்ஸ்ட், ஈப்போவில் உள்ள ராயல் காலேஜ் ஆப் மெடிசின் மாதிரி இடங்களின் சேர்க்கை அலுவலகத்துக்குத் தம்பியின் டிரான்ஸ்கிரிப்டை அனுப்பி, ரிப்பீட் கிரேடை எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். போனில் சொன்னதை நாளைக்கு வேறு ஆள் மாற்றிச் சொல்வார்.

சிங்கப்பூரில் டியூக்-என்யூஎஸ் என்று பட்டதாரிகளுக்கான மருத்துவப் பள்ளி இருக்கிறது, 2005-ல் தொடங்கியது, நான்கு வருடப் படிப்பு, வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், அமெரிக்காவில் மருத்துவப் பள்ளிக்காக எழுதும் எம்கேட் நுழைவுத் தேர்வையே ஏற்கிறார்கள். போட்டி கடுமைதான். ஆனால் தம்பி எப்படியும் எம்கேட் எழுதப் போகிறான் என்றால் அதே மதிப்பெண்ணை வைத்து இங்கேயும் ஒரு கதவைத் தட்டலாம், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்.

எங்கே படித்தாலும், நம் நாட்டில் வேலை செய்ய வேண்டுமானால் அந்தப் பட்டத்தை மருத்துவ மன்றம் அங்கீகரித்திருக்கிறதா என்று சேரும் முன்பே பார்க்க வேண்டும். பட்டியல் 1971 மருத்துவச் சட்டத்தோடு சேர்ந்தது, மன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு வந்து தகுதித் தேர்வுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை வார்டில் பார்க்கிறேன், நல்ல மூளை உள்ள பிள்ளைகள், பார்க்க எனக்கு மனசு தாங்காது. அதன் பிறகு இரண்டு வருடம் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள், படித்து முடித்த அன்றே நிரந்தர அரசாங்க வேலை என்ற காலம் இல்லை. படிக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் இந்த வேலையை நேசிக்கிறேன். தெரிந்துகொண்டு வரட்டும்.

கடாரத்துப் பையன் எழுதியது:

அண்ணா, ஆக்கோமாஸ் விஷயம் சொன்னதற்கு நன்றி, சீனியரிடமும் சொல்லிவிட்டேன். எம்கேட் மதிப்பெண் நன்றாக இருந்தால் குறைந்த ஜிபிஏ-வைச் சரிக்கட்ட முடியுமா?

ஒஹாயோவிலிருந்து எழுதியது:

டாக்டர் சொன்ன பாஸ்போர்ட் விஷயம் முழு உண்மை. கேள்வி ரிப்பீட் பற்றி என்பதால் அதற்குள் நான் போகவில்லை, அவர் சொன்னது நல்லதாயிற்று.

எம்கேட் உதவும், ஆனால் ஜிபிஏ-வை அழிக்காது. நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 118-லிருந்து 132 வரை, மொத்தம் 472-லிருந்து 528. வேதியியல், இயற்பியல் பகுதியில் தம்பி உயர்ந்த மதிப்பெண் வாங்கினால், கரிம வேதியியலில் விழுந்த டி பழைய கதை என்று அந்த எண்ணே சொல்லும். அதோடு ஆம்காஸ் ஜிபிஏ-வை மொத்தமாக மட்டும் காட்டுவதில்லை, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று ஆண்டுவாரியாகவும் பிரித்துக் காட்டுகிறது. படிப்பவர் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. கடைசி ஆண்டில் 4.00-க்குப் பக்கத்தில் நிற்கும் பையனின் 3.50-யும், கடைசி ஆண்டில் சரிந்த பையனின் 3.50-யும் அவருக்கு ஒன்றல்ல.

தங்கச்சி, தம்பி எம்கேட்டை அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் பள்ளிகளுக்குத் தெரியும், அங்கேயும் பழையது மறையாது. உயிர்வேதியியலை முடித்துவிட்டு எழுதினால் நல்லது, அந்தத் தேர்வில் உயிர்வேதியியல் நிறைய வரும்.

சுங்கை சிப்புட் அக்கா எழுதியது:

டாக்டர் அண்ணா, ஒஹாயோ அண்ணா, டீச்சர், எல்லோருக்கும் நன்றி. எஸ்பிஎம் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன், ஐந்து பாடமும் ஏ, பி-யில்தான் இருக்கிறது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாஸ்போர்ட் விஷயத்தையும் ஒப்பந்த விஷயத்தையும் சேர்த்துத்தான். அவர், ‘அங்கே கிடைக்கவில்லை என்றால் ஈப்போவில் படிக்கட்டும், தினமும் பார்க்கலாமே’ என்றார்.

தம்பி அடுத்த பருவத்துக்கு உயிர்வேதியியல், மரபியல், உடலியங்கியல் மூன்றும் பதிவு செய்கிறான், வேறு இரண்டு லேசான பாடத்தோடு 16 கிரெடிட் வருகிறது. டி பற்றி விண்ணப்பத்தில் விளக்கம் எழுத வேண்டுமா என்று மட்டும் கேட்கச் சொன்னான்.

ஒஹாயோவிலிருந்து எழுதியது:

தன்னைப் பற்றி எழுதும் முக்கியக் கட்டுரையில் டி-யைப் பற்றி எழுத வேண்டாம். அந்த இடம் ஏன் மருத்துவம் என்பதற்கு. பல பள்ளிகள் இரண்டாவது விண்ணப்பம் அனுப்பும்போது, படிப்பில் ஏதாவது தடுமாற்றம் இருந்ததா என்று தனியாகக் கேட்கும். அங்கே நாலைந்து வரியில், புது நாட்டில் முதல் பருவம், பாடச்சுமை இவ்வளவு, திரும்ப எடுத்து ஏ மைனஸ், அதன் பிறகு உயிர்வேதியியலில் என்ன வாங்கினான் என்பது வரை எழுதினால் போதும். பேராசிரியரைக் குறை சொல்லி ஒரு வார்த்தைகூட வரக்கூடாது.

திரும்ப எடுத்தபோது பாடம் நடத்திய பேராசிரியரை இப்போதே போய்ப் பார்த்து, பரிந்துரைக் கடிதம் தர முடியுமா என்று கேட்கட்டும். டி-யிலிருந்து ஏ மைனஸுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், சரிபார்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகும், ஜூன் ஆரம்பத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. எம்கேட் தேதியை அதற்கு முந்தைய வசந்த காலத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பதிவு திறந்ததும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.